லண்டன் ஏப்ரலுக்கு எதைக் கட்டுவது: குளிருக்கா, ஈரத்துக்கா?

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு நானும் இவரும் லண்டனுக்குப் போகிறோம். தங்கையின் மகளுக்குக் கலியாணம். மூன்று கிழமை நிற்போம். டிக்கெட் போட்ட செய்தி திருகோணமலையில் எங்கள் ஒழுங்கைக்குள் பரவியதும் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மொத்தமான கோட்டாப் பாத்து எடுத்துக்கொண்டு போங்கோ. குளிர் கொன்றுபோடும்."

அவர்களைக் குறை சொல்ல முடியாது. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியப்புறம் கோயிலுக்குப் போகும்போது, 24 பாகைக்கே காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொள்கிற ஊர் இது. லண்டனில் ஏப்ரல் பகல் 14, 15 பாகை, இரவு 5, 6 என்று சொன்னால் கேட்கிறவருக்கே நடுக்கம் வரும். ஆனால் எட்டு வருடத்துக்கு முன் இதே ஏப்ரலில் ஒருமுறை போய்ப் பட்டுக்கொண்டு வந்தவள் நான். அந்த முறை என்னைப் படுத்தியது குளிர் இல்லை, ஈரம்.

மழையின் அளவைப் பார்த்தால் இதை நம்பமாட்டீர்கள். திருகோணமலையில் ஒரு வருடத்துக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. லண்டனில் சுமார் 600தான். ஆனால் எங்கள் மழை கார்த்திகையிலும் மார்கழியிலும் அண்டாவைக் கவிழ்த்தமாதிரிக் கொட்டிவிட்டு நிற்கும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நடந்து வந்து, கிணற்றடியில் காலைக் கழுவினால் காரியம் முடிந்தது. வெயில் எறித்தால் கொடியில் போட்ட சேட் ஒரு மணித்தியாலத்தில் மொறமொறவென்று காயும். லண்டன் தூறலோ குடை பிடிக்கவே வெட்கப்படுகிற அளவுக்குச் சின்னது. அதற்குள் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் நனைந்திருக்கும், அன்று பொழுதுபடும்வரை காயாது. 10 பாகைக் காற்றால் ஈரத்தை எங்கே உறிஞ்ச முடியும்? தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். 14 பாகையில் உலர்ந்த காலோடு நடப்பவர் சந்தோஷமாக நடப்பார். அதே 14 பாகையில் நனைந்த காலுறையோடு நிற்பவர் ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணுவார்.

ஆகவே இந்தமுறை பெட்டிக்குள் போக வேண்டிய ஒவ்வொன்றையும் ஒரே கேள்வியால் அளந்தேன். நனைந்தால் அடுத்தநாள் காலைக்குள் காயுமா? காயாதென்றால் நனையாமலாவது இருக்குமா? இரண்டும் இல்லையென்றால் அது அலுமாரியிலேயே கிடக்கட்டும்.

மேலுக்கு

என் முன்னால் மூன்று வழி இருந்தது. முதலாவது, கனடாவில் இருக்கும் மச்சாள் விட்டுவிட்டுப்போன பொம்மிய கோட்டு. உள்ளே வாத்துத் தூவி அடைத்தது. போனமுறை கொண்டுபோனதும் அதைத்தான். கோட்டில் குறை இல்லை, இடமும் காலமும்தான் பிழை. தூவி சூடு தருவது அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றால். தூறலில் ஊறினால் தூவி கட்டிபட்டுப்போகும், காற்றும் போய்விடும், சூடும் போய்விடும். இரண்டாம் நாளே என் கோட்டு மழையில் நனைந்த கோழிமாதிரி மணக்கத் தொடங்கிவிட்டது. உலர்ந்திருந்த நேரத்திலும் நிம்மதி இல்லை. நிலக்கீழ் ரயிலுக்குள் ஏறினால் வேர்த்து ஊற்றும். கடைக்குள் சூடு, தங்கை வீட்டிலும் சூடு. கழற்றிக் கையில் தூக்கினால் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிவதுபோல. பெட்டியில் கால்வாசி இடத்தை அது விழுங்கிவிட்டதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நுவரெலியாவுக்குப் போகும்போது போடுகிற கம்பளிச் சுவெட்டரும் ஒரு குடையும். ஊரில் பெரும்பாலானவர்கள் இதோடுதான் போகிறார்கள். கம்பளியைப் பழிக்கமாட்டேன். தன் எடையில் மூன்றில் ஒரு பங்களவு ஈரத்தை உறிஞ்சினாலும் தோலுக்கு ஈரமாகத் தெரியாத நல்ல நூல் அது. ஆனால் முழுதாக நனைந்தால் காய இரண்டு நாள் வேண்டும். கடைகளில் கம்பளி என்று விற்பதில் பாதி அக்ரிலிக் என்பதையும் கவனியுங்கள், கழுத்துச் சீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது வழி, மெல்லியதாக மூன்றடுக்கு. உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு நீட்டுக்கை உள்ளாடை, தேர்மல் என்று கேட்டால் கொழும்பில் தருவார்கள். அதற்குமேல் பொலியெஸ்டர் பஞ்சுத்துணியில் தைத்த, எடையே இல்லாத ஃப்ளீஸ் சட்டை. அதற்கும்மேல் தலைமூடியோடு ஒரு மழை ஜக்கெட். மூன்றையும் சேர்த்து நிறுத்தால் மச்சாளின் கோட்டில் பாதி எடைதான் வருகிறது. ரயிலுக்குள் ஒன்றைக் கழற்றலாம், பின்னேரம் குளிர்ந்தால் திரும்பப் போடலாம். உள்ளிரண்டும் இரவு தோய்த்துப் போட்டால் விடியக் காய்ந்திருக்கும். என் தெரிவு இதுதான். இவருக்கும் இதுவேதான் என்று தீர்மானித்தாயிற்று, அவர் இன்னும் அந்தக் கோட்டைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாலும்.

மழை ஜக்கெட்டில் மட்டும் ஏமாறாதீர்கள். 'வோட்டர் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தால் சின்னத் தூறலைச் சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான். 'வோட்டர்புரூஃப்' என்று இருக்க வேண்டும். அதோடு ஜக்கெட்டை உட்புறமாகத் திருப்பித் தையல்களைப் பாருங்கள். தையல்மேல் நீளமாக ரேப் ஒட்டியிருந்தால் நல்லது. இல்லையென்றால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித்துளைகளுக்குள்ளால் தோளில் தண்ணீர் இறங்கும். இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இறங்குகிற நீளம் வேண்டும். இடுப்போடு நிற்கும் ஜக்கெட்டில் வழிகிற தண்ணீர் நேரே தொடைக்குத்தான் போகிறது.

குடையா ஜக்கெட்டா என்று தங்கையைக் கேட்டேன். "அக்கா, இங்கே காற்று குடையைப் பிரட்டிப்போடும், குப்பைத்தொட்டியில பாதி குடைதான் கிடக்கும்" என்றாள். ஒரு மடக்குக் குடையை மட்டும் வைத்திருக்கிறேன், கலியாணத்தன்று சாறிக்காக.

இடுப்புக்குக் கீழே

டெனிம் வேண்டாம். இதை நீட்டி எழுதத் தேவையில்லை, ஆனாலும் இவர் நம்பாததால் சமையலறைத் தராசில் நிறுத்துக் காட்டினேன். அவருடைய டெனிம் காய்ந்தபோது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நனைத்து, இரண்டு பேரும் இரண்டு பக்கம் பிடித்துப் பிழிந்தபிறகும் ஒன்றேகால் கிலோ. மெல்லிய பொலியெஸ்டர் களிசான் பிழிந்ததும் பழைய எடைக்குக் கிட்ட வந்துவிட்டது. மழைநாளில் குளியலறைக் கொடியில் இரண்டையும் போட்டுப் பார்த்தோம். ஒன்று விடியக் காய்ந்திருந்தது, டெனிமின் இடுப்புப்பட்டி மறுநாள் மத்தியானமும் சில்லென்றிருந்தது. எங்கள் ஊர்ச் சூட்டிலேயே இந்தக் கதை.

பெண்களுக்கு ஒரு சொல். பஞ்சாபி போடுகிறவர்கள் பருத்திக் காற்சட்டையை விட்டுவிட்டு, அடியில் ஒடுங்கிய, கணுக்காலுக்குமேல் நிற்கிறதாகப் பார்த்து எடுங்கள். அகலக் காற்சட்டையின் விளிம்பு நடைபாதை ஈரத்தை விளக்குத்திரிமாதிரி முழங்கால்வரை ஏற்றும். சாறியும் அப்படித்தான். பட்டுச்சாறியில் மழைத்துளி பட்ட இடம் வட்டமாகக் கறைபிடித்து நிற்கும். கலியாண மண்டபத்துக்குக் களிசானோடு போய் அங்கே உடுத்துவது என்று நானும் தங்கையும் பேசிக்கொண்டோம். சாறிக்குள் மெல்லிய லெகிங்ஸ் போட்டால் யாருக்கும் தெரியாது, கால் மட்டும் உங்களுக்கு நன்றி சொல்லும்.

காலுக்கு

இங்கேதான் நேரமெடுத்து யோசிக்க வேண்டும். சட்டை பிழைத்தால் தங்கையிடம் கடன் வாங்கலாம், சப்பாத்தைக் கடன் வாங்க முடியாது.

எங்களில் பலருக்கு வருடத்தில் பத்து நாள்கூடச் சப்பாத்துப் போட வேலை வருவதில்லை. வீட்டில் வெறுங்கால், கடைக்குப் பாட்டா, விசேஷத்துக்குத் தோல்செருப்பு. ஆகவே பயணம் என்றதும் அலுமாரிக்கு மேலிருந்து பழைய பெட்டியை இறக்குவோம். போனமுறை இவரும் அப்படித்தான் இறக்கினார். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கலியாணத்துக்கு வாங்கிய கறுப்புச் சப்பாத்து, புதுக் கருக்குக் கலையவில்லை. லண்டனில் மூன்றாம் நாள், ரயில் நிலையப் படியில் இறங்கும்போது வலதுகால் அடித்தோல் வாயைத் திறந்தது. மேலே ஏறி வருவதற்குள் அடிப்பாகம் பிஸ்கட்மாதிரி உதிர்ந்து, பின்னால் கறுப்புத் துணுக்குகளாக விழுந்துகொண்டு வந்தது. இவர் அவற்றைக் குனிந்து பொறுக்கினார், குப்பை போட்டதாகப் பிடித்துவிடுவார்களோ என்று.

காரணம் பிறகுதான் தெரிந்தது. நிறையச் சப்பாத்துகளின் மெத்தென்ற அடிப்பாகம் பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரப்பசை வருடக்கணக்கில் அதற்குள் இறங்கி மெல்லமெல்ல உடைத்துவிடும். போட்டு நடந்தால் நெடுநாள் தாங்கக்கூடியது, போடாமல் வைத்திருந்தால் எங்கள் கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் உள்ளுக்குள்ளேயே செத்துவிடுகிறது. அலுமாரிச் சப்பாத்தை எடுக்கிறவர்கள் அடிப்பாகத்தைப் பெருவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள், இரண்டாக வளைத்தும் பாருங்கள். கீறல் தெரிந்தால், பிசுபிசுத்தால், அதோடு விமானம் ஏறாதீர்கள்.

சரி, புதிதாக வாங்குவதென்றால் எது?

கன்வஸ் சப்பாத்து மலிவு, பாரமில்லை, பெட்டியில் தட்டையாகக் கிடக்கும். போனமுறை என் காலில் இருந்ததும் அதுதான். ஒரு தூறலுக்கு நனையும், ஒன்றரை நாளாகியும் காயாது. வெயில் நாளுக்கு மட்டும் நல்லது, லண்டன் ஏப்ரலில் எது வெயில் நாள் என்று காலையில் யாராலும் சொல்ல முடியாது.

வலைத்துணியில் செய்த ஓட்டச் சப்பாத்து இன்னும் விரைவாக நனையும். ஆனால் இரவுக்குள் காய்ந்துவிடும். நனைவதைப் பொறுத்துக்கொள்கிற இளம் ஆட்களுக்கு இது மோசமான தெரிவு இல்லை. எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பொறுமை இல்லை.

தோல் சப்பாத்துக்கு மெழுகு பூசினால் தூறலை நன்றாகத் தாங்கும், பார்க்கவும் மரியாதை. நனைந்தால் மெதுவாகக் காயவிட வேண்டும். அங்கே சுவரோரம் இருக்கும் சூட்டுக்கருவிக்குமேல் வைத்தால் தோல் வெடிக்கும். கீழே வழுவழுப்பான அடித்தோல் உள்ளதைத் தொடவே வேண்டாம், ஈரப் படிகளில் அது பாசிபிடித்த கிணற்றுக்கட்டு.

அடுத்தது றப்பர் பூட்ஸ். அங்கே அதை வெலிங்டன் என்கிறார்கள். இதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரட்றிக் கோட்டைக்குள், புள்ளிமான்கள் படுத்திருக்கும் நிழலைத் தாண்டினால் வெலிங்டன் பெயரில் ஒரு பழைய வீடு நிற்கிறது. 1800ஆம் ஆண்டு ஆர்தர் வெல்லெஸ்லி படையோடு திருகோணமலைக்கு வந்தபோது தங்கிய வீடு என்பார்கள். அவர்தான் பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். அவர் தன் சப்பாத்துக்காரரிடம் சொல்லித் தைப்பித்த தோல் பூட்ஸுக்குத்தான் முதலில் அந்தப் பெயர், றப்பருக்கு மாறியது பிறகு. இப்படி ஊர்ச் சொந்தம் கொண்டாடலாமே தவிர, நகரத்துக்குள் திரிவதற்கு அது சரிவராது. பாரம், உள்ளே வேர்க்கும், ரயிலில் நின்றால் கால் கனக்கும். வயலும் சேறும் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

கடைசியாக, உள்ளே நீர்புகாத மெல்லிய சவ்வு வைத்துத் தைத்த நடைச் சப்பாத்து. விலை கூட. இதற்கும் ஒரு குறை உண்டு. மேலால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை, இரண்டு நாள் வேண்டும். ஆனால் நடைபாதைக் குட்டை கணுக்கால்வரை ஆழமாக இருப்பதில்லை.

கொழும்பில் இப்படி இரண்டு சோடி பார்த்து, இவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றுமாக வாங்கி வந்தோம். வந்த அன்றே கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற பேசினை வைத்து, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, காலுறைக்குமேல் ஒரு ரிஷ்யூத்தாளைச் சுற்றிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ஆளுக்குப் பத்து நிமிடம் அதற்குள் நின்றோம். மதிலுக்கு மேலால் பார்த்த பக்கத்து வீட்டு மாமி ஒன்றும் கேட்கவில்லை, தலையை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். என்னுடையதில் தாள் காய்ந்தபடி வந்தது. இவருடையதில் விரல் பக்கம் காய்ந்திருந்தது, மேற்பாதத்தில் மட்டும் நனைந்திருந்தது. பார்த்தால், லேஸுக்குக் கீழிருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் தைக்கப்படாமல் தனியே ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீர் அந்த இடுக்கால் வந்திருக்கிறது. என்னுடையதில் நாக்கின் இரு ஓரமும் பைமாதிரி மடித்து மேல்வரை தைத்திருந்தார்கள். கடையில் நாக்கை வெளியே இழுத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். அதை மாற்றுவதற்கு இன்னொரு தடவை இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தார்.

எங்கள் ஆட்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழற்றுவீர்கள் என்பது. வெள்ளைக்காரர் எழுதுகிற சாமான் பட்டியல்களில் இது வராது. லண்டனில் தமிழர் வீடு ஒவ்வொன்றிலும் வாசலில் கழற்ற வேண்டும். ஹைகேட் ஹில் முருகன் கோயிலுக்குப் போனால் அங்கேயும் கழற்ற வேண்டும். கலியாணத்துக்கு முன் பத்து வீட்டுக்காவது சொல்லப் போக இருக்கிறது. கணுக்காலுக்கு மேல்வரை லேஸ் கட்டுகிற பூட்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், வாசல்தோறும் குனிந்து நின்று முதுகு பிடித்துவிடும். ஆகவே கணுக்காலுக்குக் கீழே நிற்கிற, லேஸைத் தளர்த்தினால் உருவக்கூடியதாகப் பார்த்தோம். வாங்கும்போது மொத்தக் காலுறை போட்டுக்கொண்டே அளவு பாருங்கள், அரை அளவு பெரிதாக இருக்கட்டும். பதினொரு மணித்தியாலம் விமானத்தில் இருந்தாலும் கால் வீங்கும்.

ஆளுக்கு இரண்டு சோடி. இந்த நடைச் சப்பாத்து காலில் போகும். மெல்லிய மற்றொன்று பெட்டியில், முதலாவது நனைந்தால் மாறிப்போட. பாட்டாவும் ஒன்று, தங்கை வீட்டுக் குளியலறைக்கு. காலுறை மட்டும் தாராளமாக ஆறு சோடி, கைப்பையில் எப்போதும் உலர்ந்த ஒரு சோடி. கோயில் நிலத்தில் ஈரக் காலுறையோடு நின்றவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

எங்கே வாங்குவது

"இங்கே வந்து வாங்கலாம் அக்கா, ஒன்றும் கொண்டுவராதேங்கோ" என்கிறாள் தங்கை. பாதி சரி. மழை ஜக்கெட்டுக்கு அங்கே தர்ம நிறுவனங்கள் நடத்தும் பழைய உடுப்புக் கடைகளில் நல்லது மலிவாகக் கிடைக்கும். கூச்சப்படத் தேவையில்லை, அங்கே எல்லோரும் போகிறார்கள். ஆனால் விமானநிலையத்திலிருந்து வெளியே வருகிற முதல் நாளுக்கே ஒன்று வேண்டுமே. புறக்கோட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்பு விற்கிற கடைகளில் தேடினால் இங்கேயே தைத்த நல்ல ஜக்கெட்டுகள் அகப்படும். எனக்கு அப்படித்தான் அகப்பட்டது. இவர் அங்கே போய் வாங்குவார், அதுவரை மருமகனின் ஜக்கெட்.

சப்பாத்தை மட்டும் அங்கே வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புதுச் சப்பாத்தோடு முதல் நாளே மூன்று மைல் நடந்து குதிக்கால் பொங்கினால் மூன்று கிழமையும் போச்சு. இரண்டு மாதத்துக்கு முன்பே இங்கே வாங்கி நடந்து பழக்க வேண்டும். திருகோணமலை வெயிலில் நீர்புகாச் சப்பாத்தா என்று சிரிக்காதீர்கள். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் டச் பே கரையோரமாக நடந்து, கோட்டைக்குள்ளால் கோணேசர் வாசல்வரை போய்வரலாம். அங்கே கழற்றிப் போடும் பயிற்சியும் கிடைக்கும். முதல் கிழமை வாசலில் லேஸ் அவிழ்க்க இவருக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. இப்போது காலை உதறினால் கழன்று விழுகிறது.

டிக்கெட்டில் ஆளுக்கு 30 கிலோ, கையில் 7. மழை ஜக்கெட்டும் ஒரு சோடி காலுறையும் ஃப்ளீஸும் கைப்பையில்தான், பெட்டி வந்து சேராவிட்டாலும் முதல் நாளைச் சமாளிக்கலாம். உடுப்பெல்லாம் அடுக்கியபின் பெட்டியில் பாதி வெறுமையாக இருந்தது. அது அரை நாள்கூட நிலைக்கவில்லை. மிளகாய்த்தூள் நாலு கிலோ, ஒடியல் மா, பனங்கட்டி, தங்கையின் மாமியாருக்கு இரண்டு சாறி என்று வந்து நிரம்பிவிட்டது. மச்சாளின் கோட்டை எடுத்திருந்தால் மிளகாய்த்தூளுக்கு இடமிருந்திருக்காது என்று சொன்னதும்தான் இவர் அந்தக் கோட்டைத் திரும்ப அலுமாரிக்குள் மாட்டினார்.

கடைசியாக இரண்டு பழைய ஞாயிறு வீரகேசரியை மடித்து அடியில் வைத்தேன். நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத்தாளைக் கசக்கி அடைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றினால் விடியக் காய்ந்துவிடும். தங்கை வீட்டில் எல்லோரும் தொலைபேசியில்தான் வாசிக்கிறார்கள், வீட்டில் ஒரு தாள் கிடையாது. தொலைபேசியில் சொன்னேன். "அக்கா, வாசிக்கமுதல் சப்பாத்துக்குள்ள அடைச்சுப்போடாதேங்கோ" என்கிறாள்.